கோல்ஃப் ஊரின் சிறு விடுதி விடுமுறை வீடுகளாக மாறும்போது, அங்கே வேலை செய்பவர் ஆட்சேபம் தெரிவிக்கலாமா?

நெய்தல்நிலா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

நான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஈஸ்ட் லோதியன் பகுதியில், நார்த் பெரிக் நகரத்துக்கு அருகே உள்ள கடலோர ஊர் ஒன்றில் வசிக்கிறேன். கடந்த 9 ஆண்டுகளாக இவ்வூரில் 12 அறைகள் கொண்ட ஒரு சிறிய தங்கும் விடுதியில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதும் வேலை செய்து வருகிறேன். விடுதியை நடத்தும் கணவனும் மனைவியும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர விரும்பவில்லை. சென்ற மாதம் ஒரு கட்டுமானக்காரர் நல்ல விலை சொல்லியிருக்கிறார். கட்டடத்தை ஏழு வீடுகளாகப் பிரித்து, விடுமுறை வீடுகளாகவும் இரண்டாவது வீடுகளாகவும் விற்பது அவருடைய எண்ணம். திட்ட அனுமதிக்கான, அதாவது கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றும் அனுமதிக்கான விண்ணப்பம் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு விரைவில் வரும் என்று தெரிகிறது.

இந்தக் கரை முழுவதும் கோல்ஃபை நம்பி வாழும் கரை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மேற்கே மஸல்பர்க் தொடங்கி குலன், மியூர்ஃபீல்டு, நார்த் பெரிக் வழியாகக் கிழக்கே டன்பார் வரை இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்கள் வரிசையாக இருக்கின்றன. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஸ்காட்டிஷ் ஓப்பன் போட்டி இங்குள்ள ரினைசான்ஸ் கிளப்பில் நடக்கிறது. நார்த் பெரிக்கை 2024இல் ஒரு பெரிய பத்திரிகை பிரிட்டனிலேயே வாழ்வதற்குச் சிறந்த ஊராகத் தேர்ந்தெடுத்த பிறகு வீடு கேட்டு வருகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். ஆகவே ஆள் வராததால் விடுதி மூடப்படுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எங்களிடம் அறை கிடைப்பதே அரிது.

என் மனத்தை அரிப்பது மூன்று கேள்விகள். ஆள் நிறைந்த ஒரு விடுதி, விடுதியாக இருப்பதைவிட வீடுகளாகப் பிரிக்கப்படும்போது கூடுதல் மதிப்புப் பெறுவது எப்படி? இத்தகைய மாற்றத்தைத் தடுக்கச் சட்டத்தில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா? அப்படி இருந்தால், என்னைத் தங்கள் மகளைப் போல நடத்திய இரண்டு முதியவர்களின் ஓய்வுக்காலப் பணத்துக்கு எதிராக நான் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவது முறையாகுமா? மூன்றாவது கேள்விக்குச் சட்டம் அறிந்தவர்கள் விடை சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பழைய விடுதிக்காரர்:

உங்கள் முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், தங்கையே. செயின்ட் ஆண்ட்ரூஸில் நானும் என் மனைவியும் ஏழு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் இல்லத்தை 16 ஆண்டுகள் நடத்திவிட்டு விற்றோம். இன்று அது பதினான்கு பேர் தங்கும் ஒற்றை விடுமுறை வீடாக இருக்கிறது. விற்றதற்காக நான் வருந்துகிறேன்; அதே நிலையில் மறுபடியும் நின்றால் மறுபடியும் விற்பேன். இரண்டும் உண்மை.

விடுதி என்பது அது ஈட்டும் இலாபத்தை வைத்து விலை பேசப்படும் சொத்து. வாங்க வருபவர் முதலில் மூன்று ஆண்டுக் கணக்குகளைக் கேட்பார். இலாபத்தை ஒரு மடங்கால் பெருக்கி விலை சொல்வார். வங்கியும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். வீடு அப்படியன்று. கடல் தெரிகிறதா, மைதானத்துக்கு நடந்து போகலாமா, எத்தனை படுக்கையறை என்பதை வைத்து அதன் விலை தீர்மானிக்கப்படுகிறது. வாங்குபவருடைய பணம் எடின்பரோவிலோ இலண்டனிலோ அமெரிக்காவிலோ ஈட்டப்பட்டது. இந்த ஊரில் ஈட்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஒரே சுவர்களுக்கு இரண்டு விலை இருக்கும்போது எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இலாபம் ஏன் சுருங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அறையை ஓர் இரவுக்கு 120 பவுண்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பவுண்ட் வாட் வரியாகப் போய்விடும். முன்பதிவுத் தளத்தின் வழியாக வந்த விருந்தினர் என்றால் சுமார் 15 விழுக்காடு கமிஷன், அதாவது இன்னொரு 18 பவுண்ட் போகும். மீதமுள்ள 82 பவுண்டில் காலை உணவு, சலவை, வெந்நீர், சம்பளம், காப்பீடு, கூரைப் பழுது எல்லாம் அடங்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. அதே மாதத்தில் ஊழியரின் சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தது. அது தொடங்கும் ஆண்டுச் சம்பள வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. பகுதிநேர ஊழியர்களை நம்பி நடக்கும் சிறு விடுதிக்கு இந்தக் கடைசி மாற்றம்தான் பேரிடி, ஏனெனில் முன்பு வரம்புக்குக் கீழே இருந்த சம்பளங்களில் பல ஒரே நாளில் வரம்புக்கு மேலே வந்துவிட்டன. ஊழியர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பன்னிரண்டு அறைகளுக்கும் நூற்றிருபது அறைகளுக்கும் ஒரே வரவேற்பு மேசைதான் தேவை என்பதால், சுமை சிறியவர்கள் மீதே அதிகம் விழுகிறது.

இப்போது அதே கட்டடம் ஏழு வீடுகளாகி ஏழு பேரிடம் போகிறது என்று கொள்வோம். 2024 ஏப்ரல் முதல் ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் வாட் பதிவு கட்டாயம். ஒரு வீட்டை மட்டும் வாடகைக்கு விடும் உரிமையாளர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொடுவதில்லை, ஆகவே அவருடைய விருந்தினர் அந்த 20 விழுக்காட்டைக் கொடுப்பதில்லை. அந்த வீடு ஆண்டுக்கு 140 நாள் வாடகைக்குத் தயாராக வைக்கப்பட்டு, 70 நாளாவது உண்மையில் வாடகைக்கு விடப்பட்டால், வீட்டு வரியிலிருந்து விலகி, வணிகக் கட்டடங்கள் மீது விதிக்கப்படும் வணிக வரியின் பட்டியலுக்குப் போகும். அங்கே அதன் ஆண்டு வாடகை மதிப்பீடு 12,000 பவுண்டுக்குள் இருந்து, உரிமையாளருக்கு வேறு வணிகக் கட்டடம் இல்லாவிட்டால், சிறுதொழில் சலுகையின்படி வணிக வரியும் முழுமையாகத் தள்ளுபடியாகிவிடும். விடுதியாக இருந்தபோது வாட் வரியும் வணிக வரியும் கட்டிய அதே கூரையின் கீழ், ஏழு பேரும் இரண்டையும் கட்டாமல் இருக்க முடிகிறது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. விதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான காரணத்துக்காக எழுதப்பட்டவை. அவை கூடும் இடத்தில் சிறு விடுதி நசுங்குகிறது.

அந்த முதியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எவரேனும் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

திட்டப்பணியாளன்:

நான் ஸ்காட்லாந்தின் வேறொரு கவுன்சிலில் நகரத் திட்டப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் ஊர் விண்ணப்பத்தோடு எனக்குத் தொடர்பு இல்லை என்பதால் பொதுவான நிலையை மட்டும் விளக்குகிறேன்.

ஸ்காட்லாந்தின் 1997ஆம் ஆண்டுப் பயன்பாட்டு வகை ஆணையின்படி விடுதிகள் 7ஆம் வகையிலும் தனி வீடுகள் 9ஆம் வகையிலும் அடங்குகின்றன. அடுக்கக வீடுகள் எந்த வகையிலும் சேராமல் தனித்து நிற்கின்றன. எனவே விடுதியை அடுக்கக வீடுகளாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதி கட்டாயம். பலர் இது உரிமையாளரின் சொந்த விருப்பம் என்று நினைத்து விண்ணப்பம் வந்ததையே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கட்டடத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் அண்டை வீடுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்படும், கருத்துச் சொல்ல 21 நாள் உண்டு, அண்டை வீட்டார் அல்லாதவர்களும் கருத்து அனுப்பலாம்.

நீங்கள் படிக்க வேண்டியது 2023 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்த நான்காம் தேசியத் திட்டச் சட்டகத்தின் (ஸ்காட்லாந்து முழுவதுக்குமான நிலப் பயன்பாட்டுக் கொள்கை ஆவணம்) 30ஆம் கொள்கை. அதன் ஒரு பிரிவு, சுற்றுலா சார்ந்த ஒரு வசதியின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால், இப்போதைய பயன்பாடு இனி நிலைத்து நடக்க முடியாது என்பதும், அந்தப் பகுதியில் வேறு சுற்றுலா வசதிக்கும் தேவை இல்லை என்பதும் நிறுவப்பட்டால் மட்டுமே ஆதரவு உண்டு என்று சொல்கிறது. நிறுவ வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். நடைமுறையில் அதிகாரிகள் கேட்பது இதைத்தான்: விடுதியாகவே தொடரும் நிபந்தனையோடு, விடுதிக்குரிய விலையில், போதுமான காலம் இந்தக் கட்டடம் சந்தையில் வைக்கப்பட்டதா? வீடுகளாகப் பிரித்தால் கிடைக்கும் விலையைச் சொல்லிவிட்டு, அந்த விலைக்கு விடுதிக்காரர் எவரும் வரவில்லை என்று காட்டுவது சான்றாகாது. கட்டுமானக்காரர் நேரில் வந்து விலை பேசி முடித்திருந்தால், விளம்பரமே நடந்திருக்காது. உங்கள் கடிதம் கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. ஏழு வீடுகளும் குறுகிய கால வாடகைக்கானவை என்று விண்ணப்பம் சொன்னால், அதுவும் சுற்றுலா வசதிதான், எதுவும் இழக்கப்படவில்லை என்று அவர்களுடைய முகவர் வாதிடுவார். அப்போது அதே கொள்கையின் அடுத்த பிரிவு பொருந்தும். பழைய கட்டடங்களைக் குறுகிய கால வாடகைக்குப் பயன்படுத்துவது சுற்றுப்புறத்தின் அமைதியையும் இயல்பையும் ஏற்க முடியாத அளவு பாதித்தால் ஆதரவு இல்லை என்பது அந்தப் பிரிவு. வெறும் வீடுகள் என்று விண்ணப்பித்தாலோ முதற்பிரிவு முழு வலிமையோடு நிற்கும். ஆகவே விண்ணப்பத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு என்று அனுமதி பெற்ற இடத்தில் ஒருவர் ஆண்டு முழுவதும் வாழ்கிறாரா, ஆகஸ்டில் இரண்டு வாரம் மட்டும் வருகிறாரா என்பதைத் திட்டச் சட்டம் பொதுவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2024 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு இருமடங்கு வரி விதிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 5 முதல் கூடுதல் வீடு வாங்குவோர் விலையில் 8 விழுக்காடு மிகைவரி செலுத்துகிறார்கள். இவை தடைகள் அல்ல; வசதியுள்ளவர் கொடுத்துவிட்டுப் போகும் கட்டணங்கள். குறுகிய கால வாடகைக்கு விடுபவர்கள் 2022ஆம் ஆண்டு ஆணையின்படி உரிமம் பெற வேண்டும், அதுவும் பாதுகாப்பைப் பற்றியதே தவிர எண்ணிக்கையைப் பற்றியது அன்று. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 2022 செப்டம்பரில் எடின்பரோ நகரம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பகுதியாக, அதாவது தான் வசிக்காத வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு மாற்றத் திட்ட அனுமதி தேவைப்படும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியின் பேடெனாக், ஸ்ட்ராத்ஸ்பே வட்டாரமும் அவ்வாறே ஆனது. கோல்ஃப் ஊர்களின் மக்களும் தங்கள் கவுன்சிலிடம் இதைக் கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மறுபரிசீலனை கோரலாம். ஏற்கப்பட்டால் எதிர்த்தவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. ஆகவே எழுதுவதாக இருந்தால் அந்த 21 நாளுக்குள் எழுத வேண்டும்.

தனிப்பந்து:

நான் இலண்டனிலிருந்து ஆண்டுதோறும் தனியாகக் கோல்ஃப் ஆட வருகிறவன். விடுமுறை வீடுகளும் விருந்தினர்களைத்தானே கொண்டுவருகின்றன, இதில் ஊருக்கு என்ன இழப்பு என்று முதலில் எனக்குத் தோன்றியது. எட்டுப் பேர் சேர்ந்து வரும் அமெரிக்கக் குழுவினர் உண்மையிலேயே வீட்டைத்தான் விரும்புகிறார்கள்: ஒரே சமையலறை, காலணி உலர்த்த இடம், இரவு முழுவதும் பேச்சு. அவர்களுக்கு விடுதி தேவையில்லை.

ஆனால் என்னைப் போன்றவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தபோது என் கருத்து மாறிவிட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் ஊருக்குச் சொந்தமான நிலம். 1974ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்வெளியில் நடக்கிறார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற அந்த மைதானத்தில் உறுப்பினர் அல்லாத எவரும் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கல் நடக்கும். தனியாக வருகிறவர்கள் முன்பெல்லாம் நள்ளிரவு முதலே குளிரில் வரிசையில் நின்றார்கள். 2024 முதல் அவர்களுக்கும் தினசரிக் குலுக்கல் வந்துவிட்டது. ஆனால் முந்தைய நாளே அவர்கள் ஊரில் நேரில் இருந்து பெயர் பதிய வேண்டும்.

அப்படிப் பெயர் பதிந்தவருக்குத் தேவைப்படுவது ஒருவர் படுக்கும் ஓர் அறை, ஓர் இரவுக்கு. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் இன்னோர் இரவுக்கு. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றோ, குறைந்தது மூன்று இரவு என்றோ வாடகைக்கு விடப்படும் ஆறு பேர் வீடு அவருக்கு எதற்கு? எஞ்சியிருப்பது பெரிய விடுதிகள். கோடைக்கால விலை அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டது. குலுக்கல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஊரில் தங்குவதற்கான வழி மட்டும் அடைபட்டு வருகிறது.

ஓல்டு கோர்ஸின் 18ஆம் பசுந்திட்டுக்கு (கடைசிக் குழி உள்ள புல்திட்டு) பின்னால் தொலைக்காட்சியில் எப்போதும் தெரியும் சிவப்புக் கல் மாளிகையின் கதையே இதற்குச் சான்று. 1895இல் அது கிராண்ட் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. 1949இல் பல்கலைக்கழகம் வாங்கி அதை ஹாமில்டன் ஹால் என்ற மாணவர் இல்லமாக்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏழை மாணவர்களும் அந்தச் சன்னல்களிலிருந்து கடலைப் பார்த்தார்கள். பின்னர் அது கைமாறி, 2009இல் கோலர் நிறுவனத்திடம் சென்று, 26 சொகுசு அடுக்ககங்களாக மாறியது. கட்டடம் அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இடிந்து விழாமல் காப்பாற்றப்பட்டதற்கு நான் நன்றியுள்ளவன். ஆயினும் மாலையில் அந்தப் பக்கம் நடக்கும்போது எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

நெய்தல்நிலா:

அனைவருக்கும் நன்றி. பழைய விடுதிக்காரர் அண்ணா எழுதிய கணக்கைப் படித்தபோது எங்கள் பேரேட்டையே பார்ப்பது போல இருந்தது. என் முதலாளிகளிடம் எனக்கு இருந்த சிறு மனத்தாங்கலும் அதைப் படித்தபின் போய்விட்டது.

‘தனிப்பந்து’ கேட்ட ‘ஊருக்கு என்ன இழப்பு’ என்ற கேள்விக்கு, கோல்ஃப் ஆடாத ஊர்க்காரியாக நானும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் விடுதியின் வருமானத்தில் பெரும்பங்கு கோடையில் கோல்ஃப் ஆட வருகிறவர்களிடமிருந்து வருகிறது. ஆனால் அந்த வருமானத்தால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கூடத்தைப் பயன்படுத்துவது ஊர் மக்கள். இந்நாட்டில் அடக்கம் முடிந்ததும் துக்கத்துக்கு வந்தவர்களை அருகிலுள்ள விடுதிக்கு அழைத்துச் சென்று தேநீரும் ரொட்டியும் கொடுத்து அனுப்புவது வழக்கம். இந்த ஊரில் சென்ற 9 ஆண்டுகளில் இறந்தவர்களில் பலருக்கு அந்தத் தேநீர் எங்கள் கூடத்தில்தான் பரிமாறப்பட்டது. கூட்டம் ஐம்பதா நூறா என்று முன்கூட்டியே தெரியாது, இரண்டு நாள் முன்னதாகத்தான் சொல்வார்கள், எப்படியும் சமாளிப்போம். ஜனவரியில் கவிஞர் பர்ன்ஸின் நினைவு விருந்து நடக்கும். புதன்கிழமை மதியங்களில் துணையை இழந்த முதியவர்கள் சிலர் தனித்தனியே வந்து ஒரே மேசையில் அமர்வார்கள். வீட்டில் கூரை ஒழுகியோ குழாய் வெடித்தோ போனால் ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்க இடம் கேட்டு எங்கள் கதவைத்தான் தட்டும். பள்ளிப் பிள்ளைகளின் முதல் வேலை பெரும்பாலும் எங்கள் அடுக்களையில் தட்டு கழுவுவதாகவே இருந்திருக்கிறது.

எண்பூட்டுப் பெட்டியில் சாவி வைத்த ஏழு வீடுகளில் இவற்றில் எதற்கும் இடம் இல்லை. விருந்தினர் எண்ணிக்கை ஒருவேளை குறையாமலேகூட இருக்கலாம். ஊர்க்காரர் ஒருவர் காரணம் சொல்லாமல் உள்ளே வந்து உட்காரக்கூடிய இடம் ஒன்று குறைந்துவிடும்.

மேட்டுநிலத்தான்:

நான் வடக்கே, டோர்னாக்குக்கு அருகில் இருக்கிறேன். எங்கள் பக்கமும் இதே நிலைதான். ஆனால் இரு திசைகளில் நடக்கிறது. டோர்னாக் ஸ்டேஷன், நார்த் பெரிக்கின் மரீன், செயின்ட் ஆண்ட்ரூஸின் ரஸாக்ஸ், ட்ரூனின் மரீன் ஆகிய பெரிய பழைய விடுதிகளை அமெரிக்க முதலீட்டில் இயங்கும் ஒரே குழுமம் வாங்கிப் புதுப்பித்திருக்கிறது. பெரியவற்றுக்கு முதலீடு வருகிறது. நடுவில் இருந்த பத்து, பன்னிரண்டு அறை விடுதிகள் வீடுகளாகக் கரைகின்றன. பெரிய விடுதிகளில் வேலை செய்ய வரும் இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைக்காமல் போவதும் இதன் தொடர்ச்சியே.

சட்டத்தில் இன்னொரு வழி இருப்பதையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊர்ச் சமூகத்துக்கு ஒரு சொத்தின் மீது விருப்பத்தைப் பதிவு செய்யும் உரிமையை அளிக்கிறது. பதிவு ஏற்கப்பட்டுவிட்டால், உரிமையாளர் விற்க முனையும்போது முதலில் வாங்கும் வாய்ப்பு ஊருக்கு வரும். முதலில் கிராமப்புறங்களுக்கு மட்டும் இருந்த இவ்வுரிமை 2016 முதல் நகரங்களுக்கும் விரிந்தது. நொய்டார்ட் தீபகற்பத்தில், சாலைத் தொடர்பே இல்லாத இன்வெரி ஊரில், ‘ஓல்டு ஃபோர்ஜ்’ என்ற மதுக்கடையை 2022இல் ஊர் மக்களே சேர்ந்து வாங்கி நடத்துகிறார்கள். அந்த ஊரின் மொத்த மக்கள் தொகையே சுமார் நூறுதான்.

ஆனால் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். உரிய காலத்தில் பதிவு செய்யாமல், விலை பேசி முடித்தபின் விழித்துக்கொண்டால் வழி மிகவும் குறுகிவிடும். கோல்ஃப் ஊரில் மதிப்பீட்டாளர் போடும் விலையைத் திரட்டுவது எளிதன்று. அப்படியே வாங்கினாலும் விடியற்காலை ஆறு மணிக்குக் காலை உணவு சமைக்க யாராவது எழுந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் இன்னும் இரண்டு, மூன்று சிறு விடுதிகள் எஞ்சியிருக்குமானால், அவற்றுக்காக இன்றே கூடிப் பேசுவது பயனுள்ளது.

பழைய விடுதிக்காரர்:

மேட்டுநிலத்தான் கடைசியில் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எங்களை விலை கேட்டு வந்த ஆறு பேரில் விடுதியாக நடத்த விரும்பியவர் ஒரே ஒரு இளம் தம்பதியர். அவர்களுக்கு வங்கி கடன் தரவில்லை. ஊரில் யாரேனும் அன்று அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தால் நாங்கள் விலையைக் குறைத்திருப்போம். இதை என் மனைவி இன்றும் சொல்கிறாள். விற்பவர்கள் எல்லோரும் உச்ச விலையை மட்டுமே பார்ப்பவர்கள் அல்லர். ஆனால் அவர்களிடம் வேறொரு விலையைக் கொண்டுவந்து யாராவது வைக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்வியைப் பற்றி: அவர்கள் அறியாமல் எழுதாதீர்கள். கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் பெயரைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது.

திட்டப்பணியாளன்:

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன். கணக்கு எழுதுபவர் என்ற முறையில் உங்களுக்குத் தெரிந்த வரவு செலவு எண்கள் எதையும் கடிதத்தில் குறிப்பிடக் கூடாது. அவை உங்கள் முதலாளிகளுக்குரியவை, நீங்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். விடுதி நிலைத்து நடக்க முடியுமா என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்கே, எவ்வளவு காலம், என்ன விலையில் விடுதியாக விற்பனைக்கு வைக்கப்பட்டது என்ற சான்றைக் கவுன்சில் கேட்டுப் பெற வேண்டும் என்று கோரினால் போதும்.

வீடுகளின் விலை ஏறும், வெளியூர் பணக்காரர்கள் வருவார்கள் என்பன போன்றவற்றை எழுதினால் அதிகாரி ஒதுக்கிவிடுவார்; அவை திட்டக் கொள்கை சார்ந்த காரணங்கள் அல்ல. நீங்கள் மேலே எழுதிய இரண்டாம் பதிவில் இருப்பவை, அதாவது கூடம், துக்க வீட்டுத் தேநீர், புதன்கிழமை மதியம், எல்லாம் அந்த ஊருக்கு அந்த வசதி தேவை என்பதைக் காட்டும் சான்றுகள். எத்தனை நிகழ்ச்சிகள், எந்த அமைப்புகள், அருகில் வேறு கூடம் உண்டா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த அமைப்புகள் தனித்தனியே எழுதினால் இன்னும் நல்லது.

நெய்தல்நிலா:

செவ்வாய்க்கிழமை மாலை, கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில், இருவரிடமும் சொல்லிவிட்டேன். ஐயா நெடுநேரம் பேசவில்லை. அம்மாதான் முதலில் வாய் திறந்தார். கட்டுமானக்காரர் வருவதற்கு முன் விடுதியை எங்கும் விளம்பரப்படுத்தவில்லை என்பதை அவரே சொன்னார். விடுதியாக வாங்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று தாங்களே முடிவு செய்துவிட்டதாகவும், அந்தக் களைப்பில் வந்த முதல் விலையை ஏற்றுக்கொள்ளத் துணிந்ததாகவும் கூறினார். இன்னும் எதிலும் கையெழுத்து இடவில்லையாம்.

பழைய விடுதிக்காரர் அண்ணாவின் இளம் தம்பதியரைப் பற்றியும் அவர்களிடம் சொன்னேன். ஆறு மாதம் விடுதியாகவே விற்பனைக்கு வைத்துப் பார்க்கலாமா என்று ஐயா தம் வழக்கறிஞரைக் கேட்கப் போகிறார். குளிர்காலம் வருகிறது, கொதிகலன் இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பது அவருடைய கவலை. கொதிகலனுக்கு மூன்று இடங்களில் விலைப்பட்டியல் கேட்டு எழுதும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். விண்ணப்பம் வந்தால் கடிதமும் எழுதுவேன். அதன் வரைவை முதலில் அவர்கள் இருவரும் படிப்பார்கள்.

இந்தப் பகுதியில் பத்து, பன்னிரண்டு அறை விடுதியை நடத்தும் விருப்பமும் சமையல் அனுபவமும் உள்ளவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.